துண்டு சுற்றிய கை

பிரவின், முதலில் குளி. பிறகு சாப்பிடு. அதற்குப் பிறகு இதைப் பிரி. வெறும் வயிற்றில் உனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். அது உன் அப்பா வழிச் சொத்து, என் பக்கம் யாருக்கும் கிடையாது என்று நான் சொன்னால் உன் அப்பா சிரிப்பார். சிரிக்கட்டும். மீன் குழம்பு அடுப்பிலேயே இருக்கிறது. காலை ஷிஃப்ட் முடிந்து வந்து குழம்பை வைத்துவிட்டு, சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இதை உன் விசிலுக்கு அடியில் வைத்துவிட்டு உன் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். நீ கூப்பிடும்வரை வரமாட்டேன். அம்மா ஓடி ஒளிகிறாள் என்று நினைத்துக்கொள், தப்பில்லை. நேரில் சொன்னால் நீ பாதியில் எழுந்து போவாய், மீதியை நான் உன் முதுகைப் பார்த்துக் கத்த வேண்டி வரும். இந்த விஷயத்தை என்னால் ஒரு தடவைதான் சொல்ல முடியும். அதை முழுசாகச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் பள்ளி மண்டபத்துக்குக் கறிபாப் பொரித்துக் கொண்டுவந்தேனே, டப்பாவைப் படிக்கட்டில் வைத்துவிட்டு உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பிவிட்டேன். ஏன் என்று வீட்டுக்கு வந்து கேட்டாய். கால் வலி என்றேன். காலுக்கு ஒன்றும் இல்லை. கதவருகில் நின்று, நீ உன் குஸ்திக் குழுவின் பதினோரு பிள்ளைகளையும் மேட் விரிப்பில் உட்காரவைத்துப் பேசியதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். பாதி மலாய், பாதி தமிழ். சனிக்கிழமைப் போட்டியைப் பற்றிப் பேச்சு. "ஒருத்தன் இருந்தான்டா. என்னை ஜெயிச்சான், சரி, அது கேம். ஆனா எங்க மூலையில உக்காந்திருந்தது எங்கம்மா. கை கொடுக்க வரவே இல்ல. அவன்தான் இப்ப கோலா கெத்தில் ஸ்கூல்ல கோச். சனிக்கிழமை அவன் பசங்ககூடத்தான் நமக்கு மேட்ச். மேட்ல கை கொடுங்க, அது ரூல்ஸ். ஆனா முடிஞ்சதும் அவன் மூலைக்கு ஒருத்தனும் போகக்கூடாது. பஹாம்?" என்றாய். பதினோரு பேரும் "பஹாம், சிக்கு!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். வாத்தியார் சொன்னது புரிந்ததாம். அந்தக் குட்டிப் பையன், ஹரியா அவன் பெயர், அவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினான்.

இப்போது சொல்கிறேன். அந்தப் பையன் வந்தான், பிரவின். லோகன் நம் மூலைக்கு வந்தான். என் முன்னால் வந்து நின்றான். இரண்டு கையையும் நீட்டினான். நான்தான் பிடிக்கவில்லை. நீ வந்து கேட்டபோது வரவில்லை என்று சொன்னதும் நான்தான்.

எழுதிவிட்டேன். பத்து வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது, எழுதினால் அரைப் பக்கம்கூட வரவில்லை. நீ இந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். போய் நில். மோட்டார் சாவியை மட்டும் எடுக்காதே, கோபத்தில் நீ ஓட்டும் லட்சணம் எனக்குத் தெரியும். நின்றுவிட்டு வா, மிச்சம் இருக்கிறது.

உனக்கு இந்தக் குஸ்தி எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? படிவம் மூன்று படிக்கும்போது ஒரு நாள் வந்து, பள்ளியில் சிக்கு அஸ்மான் குஸ்திக் குழு ஆரம்பிக்கிறார், நானும் பெயர் கொடுத்துவிட்டேன் என்றாய். நான் இது அடிதடி என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கு அந்த ஒட்டுச் சட்டைதான் பிரச்சினை. அதை எடுத்துப் பிடித்துப் பார்த்து, "இது என்னடா, மேலேயும் கீழேயும் சேர்த்துத் தச்ச பனியனா?" என்று கேட்டார். நீ அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதல் இரண்டு வாரம் முழுக்க நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். "குஸ்தியே சொல்லித் தரலம்மா. தினமும் கை குலுக்குறதுதான். கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்றாய். எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள் உன்னை அழைத்துவர வந்தபோது சிக்குவிடமே கேட்டேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழையும் எனக்குத் தெரிந்த மலாயையும் கலந்து ஒன்று சொன்னார்: இது ஒருத்தன் கழுத்தை இன்னொருத்தன் பிடிக்கிற விளையாட்டு, பிடிப்பதற்கு முன்னால் அனுமதி கேட்க வேண்டும், விட்ட பிறகு நன்றி சொல்ல வேண்டும், அதைப் பழகாதவனுக்கு நான் எப்படிக் கழுத்தைப் பிடிக்கச் சொல்லித் தருவது என்றார். எனக்குப் பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து அவர் எது சொன்னாலும் சரிதான் என்று இருந்தேன்.

மூன்று கை என்று அவர் சொல்வார். ஆட்டம் முடிந்ததும் முதல் கை எதிராளிக்கு, இரண்டாவது நடுவருக்கு, மூன்றாவது எதிராளியின் மூலையில் உட்கார்ந்திருக்கும் அவனுடைய கோச்சுக்கு. மூன்றாவதுதான் கஷ்டம் என்பார். எதிராளி உன்னோடு வியர்வை சிந்தியவன், நடுவர் பொதுவான ஆள். ஆனால் அந்த மூலையில் இருப்பவர் ஆறு நிமிஷமும் நீ விழ வேண்டும் என்று கத்தியவர். அவரிடம் போய் இரண்டு கையாலும் சலாம் சொல்லி, அந்தக் கையை உன் நெஞ்சில் வைத்துவிட்டு வருகிறாய் என்றால் நீ விளையாட்டுக்காரன். அப்படித்தான் உனக்குச் சொல்லித் தந்தார். எதிரே நிற்கும் பிள்ளை கையை நீட்டும்போது மூலையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதையெல்லாம் சொல்லித் தர வேண்டுமா என்று அவர் நினைத்திருப்பார்.

நீ படிவம் நான்கு. வட்டாரப் போட்டி. இரண்டு மேட்டில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடந்தது, ஆள் போதவில்லை என்று சிக்குவை அடுத்த மேட்டுக்கு நடுவராகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் போகும்போது துண்டையும் தண்ணீர்ப் போத்தலையும் என் கையில் கொடுத்து, "அம்மா, நீங்க இங்க உட்காருங்க, இன்னைக்கு நீங்கதான் கோச்" என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, ஃபேக்டரியில் என்னை லைன் லீடர் ஆக்கிய அன்றுகூட அது வரவில்லை. நீ ஜெயிப்பாய் என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். முந்தின வாரமே கோப்பை வைக்கக் கண்ணாடி அலமாரி வாங்கிக் கூடத்தில் நிறுத்தியாயிற்று. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் பெயர் வைத்த கதைதான். உன் அப்பா சொன்னார், நான் கேட்கவில்லை.

ஆட்டத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டாம். நீ மூன்று புள்ளி பின்னால். கடைசி அரை நிமிஷத்தில் அவன் உன் இடுப்பைப் பிடித்துத் திருப்பும்போது அவன் முழங்கை உன் மூக்கில் பட்டது. தெரியாமல் பட்டதுதான். இன்று என்னால் அப்படிச் சொல்ல முடிகிறது. அன்று முடியவில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. விசில் அடித்தார்கள், அவன் கையைத் தூக்கினார்கள், நீ மூக்கைப் பொத்திக்கொண்டே அவனுக்குக் கை கொடுத்தாய், நடுவருக்குக் கொடுத்தாய். அதற்குள் முதலுதவிப் பிள்ளைகள் உன்னை ஓரமாக அழைத்துப்போய், நாற்காலியில் குனிய வைத்து மூக்கை அழுத்திப் பிடித்து, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டார்கள். துணி உன் கண்வரை தொங்கியது. நான் ஓடி வந்து துண்டால் உன் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் மூலைக்குத் திரும்பினேன், உன் சட்டையை எடுக்க. அப்போதுதான் அவன் வந்தான்.

ஒல்லியாக இருந்தான். காது இரண்டும் சிவந்து போயிருந்தது. அவனும் அழுதுகொண்டுதான் வந்தான், ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, ஜெயித்தவன் எதற்கு அழ வேண்டும்? இரண்டு கையையும் நீட்டி, "தேங்க்யூ கோச்" என்றான். என்னைக் கோச் என்றான், பிரவின். நான் உன் ரத்தம் பட்ட துண்டை வலது கையில் சுற்றிக்கொண்டேன். சுற்றிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. ஒன்றுமே பிடிக்காத அந்தக் கையை அவன் தன் நெஞ்சில் வைத்தான், தலையைக் குனிந்தான், திரும்பிப் போய்விட்டான். பின்னால் நம் பையன்கள் வார்ம் அப் செய்துகொண்டிருந்தார்கள், ஒருத்தனும் பார்க்கவில்லை. அடிபட்டது உன் மூக்கு, ஆனால் உடைந்தது என் மூக்கு என்று எனக்குத் தோன்றியது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, இதற்கு மேல் அதற்கு விளக்கம் கிடையாது.

கொஞ்ச நேரத்தில் நீ தேறி வந்து, பஞ்சு அடைத்த மூக்கோடு முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாய். "அவன் நம்ம மூலைக்கு வந்தானாம்மா?" சிக்கு உன்னை அப்படிப் பழக்கியிருந்தார். நான் "வரல" என்றேன். ஒரே ஒரு சொல். யோசித்துச் சொன்னதில்லை. வந்தான், நான் கை கொடுக்கவில்லை என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, வாய்க்கு எது சுலபமோ அது வந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளாக நாளாக அந்தச் சொல் கெட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு நீ தோற்றதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை, "உன்னை மதிக்கலம்மா அவன்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய். என் மேல் உனக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், எதையும் மிச்சம் வைப்பதாக இல்லை.

அடுத்த வருஷம் நடந்ததுதான் எனக்குத் தொண்டையில் முள். இறுதி ஆட்டம், மறுபடியும் லோகன், இந்தத் தடவை நீ ஜெயித்தாய். என்ன அழகாக ஜெயித்தாய்! மண்டபமே எழுந்து நின்றது. அவன் கையை நீட்டினான், நீ அதைத் தாண்டிப் போனாய். நடுவர் திரும்பக் கூப்பிட்டார். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். சிக்கு அஸ்மான் ஓடிவந்து கெஞ்சினார், காரணம் கேட்டார், நீ வாயைத் திறக்கவில்லை. உன் அம்மாவுக்கு நடந்த அவமானத்தை நாலு பேர் முன்னால் சொல்ல உனக்கு மனசில்லை. அவரே போட்டி அதிகாரிகள் மேசைக்குப் போய், மாநிலக் குழுவுக்குப் போகும் பட்டியலில் உன் பெயரை அடிக்கச் சொன்னார். பட்டியல் எழுதியவர் ஒரு கோடு போட்டு அதை அடித்ததை நான் மேலே பெஞ்சிலிருந்து பார்த்தேன். எழுந்து போய் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் எழவில்லை. காரில் வரும்போது நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "உனக்காகத்தாம்மா" என்றாய். நான் வழியில் நிறுத்தி உனக்கு மீ கோரேங் வாங்கிக் கொடுத்தேன். உன் மாநிலக் குழுவுக்கு ஈடாக ஒரு தட்டு மீ கோரேங். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்த மேசையில் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது. அந்தத் தங்கப் பதக்கம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் துடைக்கிறேன். துடைக்கும்போது அதை நேராகப் பார்ப்பதில்லை.

நீட்டிய கை வெறுமனே திரும்புவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது போல. போன வருஷம் எனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். அதே வேலைக்கு என் கூடவே இருபது வருஷம் நின்ற கமலாவும் எழுதிப் போட்டிருந்தாள். அறிவிப்பு வந்ததும் நான் அவளிடம் போய்க் கையை நீட்டினேன். அவள் கையுறையைக் கழற்றவே இல்லை, ஏதோ பெட்டியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை நான், கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். மறுநாள் அவளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், அது வேறு கதை. ஆனால் அந்த ஒரு நாள் முழுக்க எனக்கு அந்தச் சிவந்த காதுகள்தான் ஞாபகம். அவனுக்கு அன்று பதினாறு வயது.

அப்போதும் நான் உன்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹரி கத்தியதைக் கேட்ட பிறகுதான் இனி இது என் வாயோடு போகிற விஷயம் இல்லை என்று உறைத்தது. என் ஒரு சொல் உன்னிடம் வந்து, உன்னிடமிருந்து பதினோரு பிள்ளைகளுக்குப் போகிறது. அவர்கள் நாளைக்கு அதை யாருக்குச் சொல்லிக் கொடுப்பார்களோ. திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, என்னைக் கோலா கெத்திலுக்கு அழைத்துப்போகச் சொன்னேன். அவர் சாவியை எடுத்தார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பாலிங் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் அரை மணி நேரம் நகர்ந்தோம், முந்தக்கூட இல்லை. அவர் கோபமாக இருந்தால் அப்படித்தான், மெதுவாக ஓட்டுவார். நீ மட்டும் ஏன் வேகமாக ஓட்டுகிறாய் என்று தெரியவில்லை, ஒருவேளை அது என் பக்கத்துச் சொத்தோ என்னவோ.

லோகன் மோட்டார் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். பெரிய கடை இல்லை, ஆனால் சுத்தமாக வைத்திருக்கிறான். சுவரில் அவன் பள்ளிப் பையன்களின் படம். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். "பிரவின் அம்மாதானே? உள்ள வாங்க ஆண்ட்டி, மோட்டாருக்கு என்னா?" என்றான். மோட்டாருக்கு ஒன்றும் இல்லை தம்பி, எனக்குத்தான் என்றேன். நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "அன்னைக்கு நீ வந்து கை நீட்டின. நான் வேணும்னேதான் கொடுக்கல. என் மகன்கிட்ட நீ வரவே இல்லன்னு பொய் சொல்லிட்டேன். அதனாலதான் அவன் மறு வருஷம் உன் கையப் பிடிக்கல. அவன் மேல தப்பு இல்ல."

அவன் உடனே சிரித்து, பரவாயில்லை ஆண்ட்டி என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் அப்படிச் சொல்லவில்லை. திரும்பிப் போய், பிரித்துப் போட்டிருந்த மோட்டார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு நட்டை முடுக்கினான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. என்னைப் பார்க்காமலே பேசினான். "வேணும்னு கொடுக்கலையா? கையில துணி சுத்தியிருந்துச்சு, ரத்தம் வேற இருந்துச்சு. ஆண்ட்டிக்குக் கையில அடி போலன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட அப்படித்தான் சொன்னேன், பாவம் அந்தக் கோச்சுக்கும் அடின்னு." எனக்குத் தலை நிமிரவில்லை, பிரவின். நான் கொடுக்காத கைக்கு அவனே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதை நம்பி, எனக்காகப் பாவப்பட்டும் இருக்கிறான்.

"அப்ப பிரவின் கை கொடுக்காதது மூக்குல பட்டதுக்கு இல்லையா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "பத்து வருஷம்லா ஆண்ட்டி. அந்த முழங்கைய நெனச்சு நெனச்சு... தினமும் என் பசங்ககிட்டக் கத்துவேன், முழங்கையக் கீழ வையிடா, கீழ வையிடான்னு. வட்டாரத்துலயே எங்க பசங்கதான் யாரையும் காயப்படுத்தாதவனுங்க, தெரியுமா?" என்றான். குரலில் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுந்து நின்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "இத என்கிட்ட சொன்னது சரி. அவன்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டான். நாளைக்குச் சொல்வேன் என்றேன். அந்த நாளைதான் இன்றைக்கு. சனிக்கிழமை நீ உன் பிள்ளைகளை என்ன செய்யச் சொல்லியிருக்கிறாய் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கினான். "என் பசங்க உங்க மூலைக்கு வருவானுங்க ஆண்ட்டி. அதுல மாத்தம் இல்ல. நீங்க கொடுத்தாலும் வருவானுங்க, கொடுக்காட்டியும் வருவானுங்க."

கிளம்பும்போது நான்தான் முதலில் கையை நீட்டினேன். கையெல்லாம் எண்ணெய் என்று அவன் முன்னங்கையைத் திருப்பிக் காட்டினான், மெக்கானிக்குகள் செய்வார்களே, அது மாதிரி. நான் முன்னங்கையைப் பிடிக்கவில்லை. அந்தக் கறுப்புக் கையையே இரண்டு கையாலும் பிடித்தேன். பிடித்துவிட்டு, அவன் அன்று செய்த மாதிரியே என் கையை நெஞ்சில் வைத்தேன். யூனிஃபார்மில் அஞ்சு விரலும் பதிந்துவிட்டது. காரில் ஏறியதும் உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அது போகாது" என்றார். தெரியும் என்றேன். இன்று காலை அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். கமலா கேட்டாள். சொன்னேன்.

இனி உனக்கு. நீ என் மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. உன் மாநிலக் குழுவை என்னால் திருப்பித் தர முடியாது, அதற்கு நான் என்ன சொன்னாலும் சப்பைக்கட்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் உன் கோபத்துக்கு உரிய ஆள் நான், அந்தக் கோலா கெத்தில் பையன்கள் இல்லை. கை கொடுப்பதைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை, உனக்கே தெரியும். தோற்ற பிள்ளையின் கை ஈரமாக இருக்கும், கண்ணைத் துடைத்த கை அது, அதை இறுக்கக் கூடாது என்று நீ ஹரிக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொரு நாள் கேட்டு நான் பூரித்துப் போனேன். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். ஜெயித்தவன்தான் முதலில் கை நீட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது சரி. தோற்றவனின் அம்மாவும் எழுந்து நிற்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எல்லாத் தாய் தகப்பனுக்கும் சனிக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அதைச் சொல். நான் சொன்னதாகச் சொல், எனக்கு அதைச் சொல்லும் தகுதி இருக்கிறது.

வியாழக்கிழமை உனக்குப் பயிற்சி இருக்கிறது. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போ. பதினோரு பிள்ளைகளையும் மேட்டில் உட்காரவைத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டு. தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு மலாயில் சொல். மீன் குழம்பையும் உன் அப்பாவின் பனியன் பேச்சையும் வேண்டுமானால் விட்டுவிடு, மற்றது ஒன்றையும் விடாதே. "எனக்குத் தெரிந்த ஒரு அம்மா" என்று மாற்றிச் சொல்லாதே. உன் அம்மா என்றே சொல். ஞாயிற்றுக்கிழமை நீ அவர்களுக்குச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வது உனக்குக் கஷ்டமாக இருக்கும், பிள்ளைகள் முன்னால் தலை குனிய வேண்டியிருக்கும் என்று நினைப்பாய். குனிய வேண்டியது என் தலை. நீ படி, போதும். படித்து முடித்ததும் சனிக்கிழமை யார் லோகனின் மூலைக்குப் போவது என்று கேள். ஹரி கையைத் தூக்குவான், பார்.

சனிக்கிழமை சிக்கு அஸ்மானையும் வரச் சொல்லியிருக்கிறேன். போன் போட்டுச் சொன்னேன், ஓய்வு பெற்ற மனிதர், உடனே வருகிறேன் என்றார். அவரிடமும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதை நேரில் சொல்லிக்கொள்கிறேன். நீ என்னிடம் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, நம் மூலையில் எனக்கு ஒரு நாற்காலி போடு. லோகனின் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவார்கள், ஜெயித்தவனும் தோற்றவனும். ஒவ்வொருவனுக்கும் நான் எழுந்து நிற்க வேண்டும். துண்டை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவிடு.

அம்மா